முதலில் சும்மா

தேநீரில் சர்க்கரை போடுவதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். போட்டுக் கலக்கிய பிறகு இன்னொரு வாய். இரண்டுக்கும் நடுவே கண்களை மூடிக்கொள்கிறார். காய்கறிக் கடையில் தக்காளியைப் பொறுக்குவதற்கு முன் வெறும் பையைத் தராசில் வைக்கச் சொல்கிறார். கடைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டே வைக்கிறார். காய்ச்சல் என்று யார் வந்து நின்றாலும், வெப்பமானியை முதலில் தன் அக்குளில் செருகிப் பார்த்து, துடைத்து, அதன் பிறகே நோயாளியிடம் நீட்டுகிறார். "முதல்ல சும்மா, அப்புறம்தான் சமாசாரம்" என்பது இவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம்.

இந்தச் சும்மா இவருடைய தொழிலில் பிறந்தது. இவர் மின்வேதியியல் ஆராய்ச்சியாளர். ஒரு துளி இரத்தத்திலோ வியர்வையிலோ குறிப்பிட்ட ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை, அது எழுப்பும் மிக நுண்ணிய மின்னோட்டத்தைக் கொண்டு கண்டறியும் உணரிகளைச் செய்கிறார். எதை அளப்பதானாலும், அந்தப் பொருள் அறவே இல்லாத ஒன்றை முன்னதாக அளந்து, கருவி வாய் திறக்காமல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். புத்தகங்களில் இதற்கு வேறு பெயர் உண்டு. இவருடைய ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பெயர் சும்மா. "சும்மாவ ஓட்டியாச்சா?" என்பது காலையில் கேட்கும் முதல் கேள்வி. "சும்மா, சும்மாத்தான் இருக்கா?" என்பது அதைவிடக் கடுமையான இரண்டாவது கேள்வி. ஒன்றுமே இல்லாத இடத்தில் கருவி எதையாவது காட்டிவிட்டால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். "சும்மா இருக்க வேண்டியது பேசுது. அத விசாரிக்காம மத்தது பேசறத மட்டும் எப்படி நம்பறது?" என்பார்.

இளையவர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் சும்மாக்கா. இவருக்கு அது தெரியும். தெரியாதவர் போல நடந்துகொள்கிறார்.

கருவிகளுக்கு மின்சுற்று அமைத்துக் கொடுக்கும் பொறியாளர் ஒருவர் அங்கே உண்டு. அவரைச் சர்க்யூட் என்றே எல்லாரும் அழைக்கின்றனர். இவருடைய கோபத்தைப் பற்றி அவர் கண்டறிந்து வெளியிட்டிருக்கும் முடிவு இது: "அக்கா திட்டறதுலகூட சும்மா ஓட்டுவாங்க. முதல்ல ஒண்ணும் பேசாம கொஞ்ச நேரம் பாப்பாங்க. அதுதான் சும்மா. அதுக்கப்புறம் வர்றதுதான் ரீடிங்."

கரியால் ஆன மின்முனைகளை மெருகேற்றும் வேலையை இவர் பிறரிடம் விடுவதில்லை. ஈரத் துணி ஒட்டிய வட்டின்மேல் வெண்பொடிக் குழம்பைச் சிறிது விட்டு, பென்சில் அளவுள்ள மின்முனையைச் செங்குத்தாகப் பிடித்து, எட்டு எழுதுவது போல மெல்லத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துவிடும். வாழ்நாளில் பாதியை எட்டுப் போட்டே கழித்த கை, வீட்டுக்கு வந்த பிறகும் அதை மறப்பதில்லை. மேசை துடைப்பதும் எட்டு, சட்டைக் காலருக்குச் சோப்புப் போடுவதும் எட்டு. "எங்க வீட்டுத் தட்டெல்லாம் எட்டுப் போட்டே லைசென்ஸ் வாங்கிடுச்சு" என்கிறார் அண்ணி.

அண்ணன், அண்ணி, இவர் மூவரும் ஒரே வீட்டில் வசிக்கின்றனர். கீழே கடை, மேலே வீடு. படங்களுக்குக் கண்ணாடி வெட்டி, மரச்சட்டம் போட்டுக் கொடுப்பது அண்ணனின் தொழில். கடையில் மரத்தால் சட்டம் போடுபவர், வீட்டில் வாயால் சட்டம் போடுபவர். நடுக்குவாதம் வந்த பிறகு அவர் போட்ட சட்டங்கள் இரண்டு. தன் மாத்திரை டப்பாவை யாரும் தொடக் கூடாது. தனக்கு யாரும் எதையும் ஊட்டிவிடக் கூடாது. பாதிச் சோறு மடியில் விழுந்தாலும் மீதிப் பாதியைத் தானே அள்ளிச் சாப்பிடுவார். "வாய்க்கும் கைக்கும் நடுவுல வேற ஆள் வந்தாச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டார்.

அந்த நோய்க்கான மாத்திரை விசித்திரமானது. உள்ளே போய் வேலை செய்யும்போது அண்ணனின் கை பழைய கையாகிவிடுகிறது. கண்ணாடியின்மேல் வெட்டுக்கத்தியை வைத்து ஒரே இழுப்பில் நேர்க்கோடு போடுகிறார். மருந்து தீரும்போது முன்னறிவிப்பு எதுவும் வருவதில்லை. பாதிக் கோட்டில் கை துள்ளுகிறது. ஒருநாள் தெருவைக் கடக்கும்போது கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டுவிட, இரு பக்கமும் வண்டிகள் ஒலியெழுப்ப, நடுச்சாலையில் கம்பம் போல நின்றார். அன்று இரவு உணவின்போது அவர் தங்கையிடம் கேட்டது இதுதான்: "ஏம் பாப்பா, வண்டிக்குப் பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு முள்ளு காட்டுதே, எனக்கு அந்த மாதிரி ஒண்ணு பண்ண முடியாதா?"

பாப்பாவுக்குக் காதோர முடி முழுக்க நரைத்திருந்தது. "பாக்கலாம்ணா" என்றார். மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார்.

செய்து முடித்த உணரி ஒரு தீப்பெட்டியின் நீளம்கூட இல்லாத ஒரு பட்டை. அதன் முனையில் கரி மையால் அச்சிட்ட மின்முனைகள். அவற்றின்மேல் ஈரமான ஜெல். ஜெல்லுக்குள் காளானிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நொதி. வெட்டி வைத்த வாழைக்காயையும் கத்தரிக்காயையும் கறுக்க வைக்கும் நொதியும் இதே குடும்பம்தான். இந்த நொதி அண்ணனின் மருந்தைக் கண்டால் விடாது. விரல் நுனியை ஜெல்லின்மேல் வைத்தால் வியர்வை வழியே கசியும் மருந்தைப் பிடித்து மாற்றிவிடும். அந்த மாற்றத்தில் எழும் மின்னோட்டத்தைக் கருவி எண்ணாகக் காட்டும். சுற்றுப்புற மின்சாரத்தின் இரைச்சல் புகாமலிருக்க, எல்லாவற்றையும் ஒரு பழைய தகரப் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, விரல் நுழைய மட்டும் ஓட்டை போட்டிருந்தார். டப்பாவின் மூடியில் குண்டுக் கன்னத்தோடு ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும்.

நாள்தோறும் காலையில், கடை திறப்பதற்கு முன், சாப்பாட்டு மேசையில் பரிசோதனை நடந்தது. முதலில் சும்மா விரல், அது அண்ணியுடையது. மாத்திரைப் பக்கமே போகாத விரல் என்பதால் எண் ஏறக்குறைய பூஜ்யத்திலேயே நிற்கும். "என் விரலுக்கு மதிப்பு அவ்வளவுதான்" என்று அண்ணி தினமும் சொல்லுவார். அடுத்து, மாத்திரை விழுங்கிய அண்ணனின் விரல். எண் பாய்ந்து ஏறும். பிறகு கடை வேலைக்கு நடுவே அவ்வப்போது விரலை வைக்க வைக்க, எண்கள் சேர்ந்து ஒரு மலையின் உருவம் கொள்ளும்: உச்சி, சரிவு, அடிவாரம். அழகான மலை.

"மலை ரொம்ப அவசரமா ஏறுதேக்கா. மாத்திரை வயித்துக்குள்ள போய்ச் சேரவே நேரம் ஆகுமே" என்று சர்க்யூட் ஒருமுறை கேட்டார்.

"வெறும் வயிறு. அதான்" என்றார் இவர்.

பிறர் எவருடைய மலையாயிருந்தாலும் அந்தப் பதிலை இவர் ஏற்றிருக்க மாட்டார். இது அண்ணனின் மலை.

மலைகளைக் கண்ட நரம்பு மருத்துவர் மகிழ்ந்து, தம்முடைய நோயாளிகளிடம் உணரியைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் குறித்தார். அதற்கு முந்தைய வாரத்தில், கடைசிச் சரிபார்ப்புக்காகச் சர்க்யூட்டும் காலையிலேயே வீட்டுக்கு வந்து அமர்ந்திருந்தார். அதற்கு முந்தின நாள்தான் மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றி, அரை அரையாக, அடிக்கடி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அரையாக உடைக்க அண்ணனின் விரல்கள் இணங்கவில்லை. மாத்திரை மேசையில் உருண்டது. உள்ளங்கையால் அதை நிறுத்தி, "இந்த ஒரு தடவைதான்" என்று தங்கையிடம் தள்ளினார். இவர் உடைத்துக் கொடுத்தார். அண்ணன் தன் கையாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சும்மா விரலுக்காக அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவர் கீழேயிருந்து வந்து இரு கைகளையும் விரித்துக் காட்டினார். கை முழுக்க வார்னிஷ். "இத வெச்சா உங்க மிஷின் மயக்கம் போட்டு விழுந்துடும்" என்றார்.

"சரி, நானே வைக்கறேன். நான் என்ன மாத்திரையா சாப்பிடறேன்?" என்று இவர் தன் சுட்டுவிரலை டப்பாவின் ஓட்டைக்குள் விட்டார்.

எண் ஏறியது. அண்ணனுக்கு எந்நாளும் ஏறாத உயரத்துக்கு ஏறியது.

சர்க்யூட் கருவியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "அக்கா, நீங்க மாத்திரை ஏதாவது…"

"ஏன், எனக்குக் கை நடுங்குதா?"

"இவ்வளவு நேரம் இல்ல. இப்ப நடுங்குது."

பட்டையை மாற்றினார்கள். எண் மீண்டும் ஏறியது. டப்பாவைத் திறந்து கம்பிகளைச் சரிபார்த்தார்கள். மீண்டும் ஏறியது. "பட்டை கெட்டுப்போச்சு, இந்தக் கட்டே வேண்டாம், வேற கட்டு பிரிப்போம்" என்று சர்க்யூட் எழுந்தார். இவர் எழவில்லை. வழக்கப்படி ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புதுப் பட்டை ஒன்றில் மோதிர விரலை வைத்தார். கருவி அமைதியாக இருந்தது. சுண்டு விரலுக்கும் அமைதி. கட்டை விரலை வைத்தார்; எண் குதித்தது. இடக் கைக்கு மாறினார். அங்கும் கட்டை விரலும் சுட்டுவிரலும் மட்டும் பேசின. மற்றவை சும்மா இருந்தன.

"என்னக்கா இது, உங்க கையில ரெண்டு கட்சி இருக்கு?" என்றார் சர்க்யூட்.

இவர் இரு கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தினார். பேசிய நான்கு விரல்களின் நுனிகளையும் ஒன்றுசேர்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை இரண்டாக உடைப்பது போல அவை அசைந்தன. ஒருமுறை. மெதுவாக இன்னொரு முறை. கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"மாத்திரை" என்றார். "உடைச்சேன் இல்ல, அந்தத் தூள்."

சர்க்யூட்டுக்கு மூச்சு வந்தது. "அவ்வளவுதானே. கையக் கழுவிட்டு…"

"நானும் மாத்திரையக் கையாலதான எடுக்கறேன்" என்றார் அண்ணன்.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினர். பட்டறிவால் வந்த நிதானத்தோடு அவரே மேலும் சொன்னார்: "மாத்திரையத் தொட்டதும் ஏறுது. மரத்தத் தொட்டு, தூசியத் தொட்டு, வேலை பாக்கப் பாக்க இறங்குது. அப்ப இத்தன நாளா உன் மிஷின் பாத்தது என் மருந்த இல்ல. என் விரல்ல ஒட்டின தூள."

அழகான மலைகள் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் சரிந்தன. ஆனால் இவர் அப்போது மலைகளைப் பார்க்கவில்லை. அண்ணனின் இடக் கைக் கட்டை விரலின் அடியில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நாள்களுக்கு முன் கண்ணாடி கிழித்த காயம்.

"அண்ணா. அது எப்படி வெட்டிச்சு?"

"சொன்னேனே. கண்ணாடியில கொப்புளம் இருந்துச்சு, கத்தி வழுக்கிடுச்சு."

"நம்பரப் பாத்துட்டுத்தான் கத்தியத் தொட்டியா?"

அண்ணன் மேசை விளிம்பைத் தடவினார். இந்த எண்ணை நம்பிக் கத்தியைத் தொடக் கூடாது, சோதனை முடியட்டும் என்று இவர் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். அண்ணியிடமும் சொல்லிவைத்திருந்தார். "நம்பர் நல்லா இருந்துச்சு. வெட்டினேன்" என்றார் அண்ணன்.

அண்ணியின் குரல் எழுந்தது. "என்கிட்ட என்ன சொன்னீங்க? கண்ணாடிக்காரன் ஏமாத்திட்டான்னு சொன்னீங்க. நான் அந்த மனுஷனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவருகிட்டச் சரக்குக் கேப்பேன்?"

"அவரு நல்லவரு. மறந்திருப்பாரு."

"நான் திட்டினத யாரும் மறந்ததில்ல."

சர்க்யூட் சிரித்துவிட்டார்; பிறகு இவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். இவர் அண்ணனைப் பார்த்து, "ஒரு மிஷின் சொல்லுதுன்னு எப்படிண்ணா நம்பின?" என்றார்.

"மிஷின யாரு நம்பினா" என்றார் அண்ணன். "நீ பண்ணினது."

இவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். சோப்பு நுரையில் அன்று எட்டு விழவில்லை. ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே நின்றார். துடைத்துக்கொண்டு வந்து மருத்துவரை அழைத்தார். "அடுத்த வாரம் வேண்டாம் டாக்டர். நான் காட்டினதெல்லாம் தப்பு. மருந்து உள்ள இருக்கான்னு பாக்கல, கையில ஒட்டியிருக்கான்னு பாத்திருக்கேன்." மறுமுனையில் ஏதோ ஆறுதல் சொல்லப்பட்டது. "இல்ல டாக்டர். சின்னத் தப்பு இல்ல. இத நம்பி ஒருத்தர் கண்ணாடி வெட்டியிருக்காரு."

மேசையைச் சுற்றி விவாதம் நடந்தது. நன்றாகக் கழுவினால் போதாதா என்று சர்க்யூட் கேட்டார். "கழுவினா வேர்வையும் போயிடும். அதுவுமில்லாம, போச்சா போகலையான்னு யாருக்குத் தெரியும்? கை தொடாம மாத்திரை வாய்க்குள்ள போகணும். அப்பவும் ஏறினாத்தான் அது மருந்து" என்றார் இவர். எல்லாரும் அண்ணனைப் பார்க்காமலிருக்க முயன்றனர். அண்ணனுக்கு அது புரிந்தது.

"மூடியில போட்டுக் குடுங்க. அப்படியே வாயில கவுத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை, பாட்டில் மூடி ஒன்றில் அரை மாத்திரையை இட்டு நீட்டினார்கள். காலையில் முதல் மாத்திரை விழும்வரை அவருடைய கை காற்றில் கிளை போல ஆடும். மூடி உதடு வரை போனது. மாத்திரை மட்டும் போகவில்லை. அலமாரிக்கு அடியில் உருண்டது. அண்ணியும் தங்கையும் தரையில் கன்னத்தை வைத்துத் தேடினார்கள். இரண்டாவது அரை மாத்திரை சட்டைப் பைக்குள் விழுந்தது. மூன்றாவதை எடுத்தபோது அண்ணன் மூடியை மேசையில் வைத்துவிட்டார். ஜன்னலை நோக்கித் திரும்பி, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன் லேப்ல இடுக்கி இருக்குல்ல. நாளைக்கு எடுத்துட்டு வா."

அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார்.

இடுக்கியால் போட்ட முதல் நாள் மலை எதுவும் வரவில்லை. கோடு தட்டையாகக் கிடந்தது. "செத்துப்போச்சுக்கா" என்றார் சர்க்யூட். இவர் அசையவில்லை. வெகுநேரம் கழித்து, தேநீர் ஆறி ஆடை படிந்த பிறகு, கோடு தலையைக் கொஞ்சம் தூக்கியது. மலை இல்லை, ஒரு மேடு. எறும்புக்குக்கூட மூச்சு வாங்காத மேடு. ஆனால் வர வேண்டிய நேரத்தில் வந்திருந்தது. சற்று நேரத்தில் அண்ணனின் கையும் அடங்கியது. இவர் உடனே அண்ணியைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னார். பூஜ்யம். இன்னொரு முறை வைக்கச் சொன்னார். பூஜ்யம். "என் மதிப்பு மாறலையே?" என்றார் அண்ணி. "மாறிடாதீங்க அண்ணி" என்றார் இவர்.

அந்த மேடு இப்போதும் எல்லா நாளும் வருவதில்லை. சில நாள் வருகிறது, சில நாள் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. ஜெல்லை மெல்லியதாக்குவதும், நொதியை நெருக்கமாக அடுக்குவதும், சர்க்யூட்டோடு சண்டை போடுவதுமாக இவருடைய நாள்கள் போகின்றன. மேடு தவறாமல் வரும்போது அழைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அதுவரை கடையில் கண்ணாடி வெட்டுவது அண்ணி. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "நேரா, நேரா, கொஞ்சம் அழுத்து" என்று அண்ணன் சட்டம் பேசுகிறார். "வாய மூடினாத்தான் கோடு நேரா வரும்" என்று அண்ணி வெட்டுகிறார். கோடுகள் நேராகத்தான் வருகின்றன.

காலையில் மேசையில் எல்லாம் வரிசையாக இருக்கும். உணரிப் பட்டை, டப்பா, தண்ணீர், வெள்ளைக் காகிதத்தின்மேல் அரை மாத்திரை. இவர் கையுறை மாட்டி, இடுக்கியின் நுனியைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அண்ணன் கைகளை நாற்காலிக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். மாத்திரையின் விளிம்பை இடுக்கி கவ்வுகிறது. துல்லியம் தவறாத கை, மேசையைக் கடந்து மெல்ல முன்னே நகர்கிறது. கண் மாத்திரையிலேயே இருக்கிறது. அண்ணன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. இவருடைய வாய் தானாகத் திறந்திருக்கிறது.